கொரன்வால் தேசத்துப் பாட்டனார்

சிவகிரியில் எம் இல்லத்துக்குத் 'துரை வீடு' என்று பெயர். தபாற்காரரும் பால் கொணர்வாரும் அப்பெயராலேயே அதனை அறிவர். முன்கட்டில் நாட்டோடும் பின்கட்டில் உதிர்ந்த காரையுமாக நிற்கும் அவ்வீட்டினுட் புகுவார் துரைத்தனம் யாதும் காணார். பெயருக்குக் காரணம் எம் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்றே. எம் குலமுதல்வர் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மகனார்; அத்துரையின் பெயர் உக்கிலோ; அவருடைய நாடு கொரன்வால். இம்மூன்றையும் ஐயுற்றவர் எம் குடும்பத்தில் ஒருவரும் இலர். ஐயுற்றவர் எம் பள்ளித்தோழரே. 'கொரன்வாலா, குரங்குவாலா?' என்று அவர்கள் எள்ளியதும், அதன்பொருட்டு ஐந்தாம் வகுப்பில் ஒருவனை அடித்துவிட்டு யாம் முற்பகல் முழுதும் முழங்காலில் நின்றதும் இன்றும் நினைவில் உள்ளன.

சிவகிரி மேற்கு மலைத்தொடரின் அடியில் உள்ளது. 2019ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்ததாயிருந்து, பின்பு தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது. முன்னாளில் அது பேர்பெற்ற பாளையம், அதன்பின் ஜமீன். சிவகிரியார் கண்ட துரைகளுள் முற்பட்டோர் பீரங்கியோடு வந்தவர்கள். 1783ஆம் ஆண்டு கர்னல் புல்லர்ட்டன் என்பார் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கையோடு இவ்வூர்மேலும் படைகொண்டு வந்தார். அத்தகைய ஊரில் ஒரு குடும்பம் துரையைப் பாட்டனாராகக் கொண்டு பெருமை பேசுதல் விந்தையே. அப்பெருமை எற்றுக்கு வேண்டப்பட்டது என்பதனைப் பின்னர்க் கூறுவோம்.

சென்ற ஆண்டு எம் தமக்கையாருக்கு மணம் பேசினர். எம் பெரியப்பா மணமகன் வீட்டாரிடம் துரையின் கதையைத் தமக்கு இயல்பான உரத்த குரலில் எடுத்துரைத்தார். அவர்களும் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி கண்ட பெரியப்பா, திருமண அழைப்பிதழின் தலைப்பில் 'உக்கிலோ துரை வம்சம்' என்று அச்சிடவேண்டும் எனவும், அழைப்பிதழோடு எட்டுப் பக்கத்தில் ஒரு குடும்ப வரலாறு இணைக்கவேண்டும் எனவும் முடிவு செய்தார். "நீ தமிழ் ஆனர்ஸ் படிக்கிறவன், எழுதிக் கொடு, தம்பி" என்று அப்பொறுப்பினை எம்மேல் வைத்தார். யாமும் மகிழ்ந்தே ஏற்றோம். எட்டுப் பக்கம் எழுதுதல் எளிதென்றே அன்று எண்ணினோம்.

எழுதப் புகுந்த முதல்நாளே ஒன்று தெளிவாயிற்று. எம் வீட்டில் இருந்தது ஒரு கதையன்று, மூன்று. எம் பாட்டியார் கூறுவது வருமாறு: தூத்துக்குடிக் கடலில் மரக்கலம் ஒன்று உடைந்தது. அதிற் பிழைத்துக் கரையேறிய உக்கிலோ துரையை, உப்பளத்திற்குக் கூலிவேலைக்குச் சென்றிருந்த சிவகிரிப் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்துக் காத்தாள். இருவரும் கோயிலில் மணந்தனர். ஆண்மகவு ஒன்று பிறந்தது. துரை பேதிகண்டு இறந்தார். மகவு சாயர்புரத்துப் பள்ளியில் வளர்ந்தது. இக்கதைக்குப் பாட்டியார் காட்டும் சான்று தம் இரு கண்களே. அவருக்குப் பூனைக்கண். எண்பத்தாறு வயதிலும் அவை வெளிறிய தேனின் நிறமாக ஒளிர்கின்றன. பாட்டியார் தம் மாமன் மகனையே மணந்தவராதலின் இருவழியாலும் அம்முதல்வரின் கால்வழியினர். ஆகவே துரையின் கண் தமக்கு வந்தது என்பது அவர் துணிபு. (பொதிகைச் சாரலில் பூனைக்கண்ணர் பலர் உளர். ஆயின் இதனைப் பாட்டியாரிடம் சொன்னவர் இதுகாறும் இலர்.)

பெரியப்பாவின் கதையோ வேறு. அவர் ரயில்வே உத்தியோகத்தில் நெடுங்காலம் பெங்களூர்ப் பக்கம் இருந்தவர். உக்கிலோ துரை கோலார் தங்கவயலில் சுரங்க அதிகாரியாய் இருந்தார் என்றும், எம் முன்னோர் அங்கே கூலிக்குச் சென்றபோது உறவு நேர்ந்தது என்றும் கூறுவர். இக்கதை எங்ஙனம் பிறந்தது என்பதனை உய்த்துணர்தல் அரிதன்று. கார்ன்வால் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுள் நீண்டு கிடக்கும் நிலம். அங்கே வெள்ளீயமும் செம்பும் அகழ்ந்தெடுத்தல் பண்டைக்காலந்தொட்டு நிகழ்ந்த தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பின் விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் மூடின, அந்நாட்டுச் சுரங்கத்தொழிலாளர் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என உலகெங்கும் சிதறினர். பூமியில் எங்கே குழி தோண்டினாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று ஆங்கிலேயர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் 1880ஆம் ஆண்டு பணி ஏற்றபின்பு அவருட் பலர் அங்கும் வந்தனர். அவர்தம் மேற்பார்வையில், மைல் கணக்கான ஆழத்தில், வியர்வையும் தூசியும் உண்டு உழைத்தவருள் மிகப்பலர் தமிழ்நாட்டுக் கூலிகள். 2001ஆம் ஆண்டு அச்சுரங்கம் மூடப்பெற்றது. பெங்களூரில் இருந்த பெரியப்பாவின் செவியில் 'கார்ன்வால்' என்னும் சொல் வீழ்ந்தபொழுது, அஃது எம் வீட்டுக் கொரன்வால் எனக் கண்டுகொண்டார் போலும். கதை தானே வளர்ந்தது.

மூன்றாவது எம் அத்தையாரின் கதை. வட திருநெல்வேலியிற் கூடாரமிட்டு ஊர் ஊராய்ச் சென்று சுவிசேஷம் கூறிய ரேக்லண்டு ஐயர், பெற்றோரிழந்த துரைமகனைத் தம் கூடாரத்தில் வளர்த்தார் என்பது அது.

இனி எழுத்துச் சான்றுகளைக் கூறுவோம். எம் வீட்டுத் தெற்கறையில் ஓலைப்பெட்டி ஒன்று உண்டு. அதனைத் திறக்கும் உரிமை பாட்டியார்க்கே உரியது. வேப்பிலையும் பழந்துணியும் அகற்றினால் உள்ளே நான்கு பொருள்கள் உள்ளன: வேதபுத்தகம் ஒன்று, மேலட்டை இல்லாத ஞானப்பாட்டுப் புத்தகம், ஜமீன் காலத்துத் தீர்வை இரசீதுகள் ஏழு, பதினெட்டு ஏடு கொண்ட சிறு குறிப்புப் புத்தகம்.

வேதபுத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் குலமுதல்வரின் கையெழுத்தால் பிறப்பு இறப்புக்கள் எழுதப்பெற்றுள்ளன. முதற்பதிவு 1871ஆம் ஆண்டு. அவர் மூத்த மகனின் பிறப்பு. பின்னும் மூவர் பிறந்தனர். தாது வருடத்துப் பெரும்பஞ்சத்தின்போது, 1877ஆம் ஆண்டு, ஒரே திங்களில் இருவர் இறந்தனர். அவ்விரு பெயர்களுக்கும் எதிரே அவர் வேறொன்றும் எழுதினாரல்லர். வசனம் ஒன்றேனும் குறித்தாரல்லர். மற்றைப் பதிவுகளுக்கெல்லாம் வசனம் உண்டு. யாம் அப்பக்கத்தில் நெடுநேரம் தங்கிவிட்டோம். எட்டுப் பக்க வரலாற்றுக்கு அது வேண்டப்படுவதன்று.

அவர் 1903ஆம் ஆண்டு மரித்ததை மகனார் வேறு மையால் எழுதியுள்ளார். வயது குறிக்கப்படவில்லை. இரசீதுகளில் மூத்தது 1868ஆம் ஆண்டினது. அதில் அவர் 'சாயர்புரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வாத்தியார்' என்று எழுதப்பெற்றுள்ளார்.

இவ்வளவிலேயே பெரியப்பாவின் கதை மாண்டது. 1871இல் மகனைப் பெற்றவரின் தந்தையார், 1880இல் தொடங்கிய கம்பெனியிற் பணிசெய்ய வந்தவராதல் இயலாது. அத்தையார் கதையும் உடன் மாண்டது. ரேக்லண்டு ஐயர் வடபகுதிக்கு வந்தது 1854இல். 1858இல் சிவகாசியிற் காலமானார். அந்நாளில் எம் முதல்வர் கூடாரத்தில் வளர்க்கத்தகும் மகவாயிருந்திலர் என்பதனை இனிக் கூறுவதே காட்டும். எஞ்சியது பாட்டியாரின் மரக்கலம். அதனை ஆண்டுக்கணக்கால் மூழ்குவித்தல் இயலவில்லை.

குறிப்புப் புத்தகத்தை எடுத்தோம். அது மாணவன் ஒருவனுடைய ஏடு. கணக்கும், எழுத்திலக்கணச் சூத்திரங்களும், சங்கீதங்களும் கலந்து கிடந்தன. ஓலைப்பழக்கம் மாறாத கையாதலின் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. பன்னிரண்டாம் ஏட்டின் அடியில், எம் குடும்பத்தார் தலைமுறைதோறும் விரலால் தடவித் தடவி மங்கச்செய்த நான்கு வரிகள் உள்ளன. புள்ளியிட்டுப் படித்தால் அவை இவை: எங்கள் ஐயா ஊர் கொரன்வால். ஐயா தாயார் வீட்டுப் பேர் உக்கிலோ. ஐயா சீமைக்குக் கப்பல் ஏறினார். இனி யார் எங்களுக்குச் சொல்லித் தருவார்.

துரை வீடு முழுதும் இந்நான்கு வரிகளின்மேல் எழுந்ததாகும். தென்பாண்டி நாட்டில் தந்தையை ஐயா என்பர். 'எங்கள் ஐயா ஊர் கொரன்வால்' என்று மகன் எழுதினால், தந்தையின் ஊர் கொரன்வால் என்று கொள்வதன்றி வேறென் கொள்வர்? ஆயினும் நான்காம் வரி எம்மை உறுத்தியது. தந்தை கப்பலேறினால் மகன் சோற்றுக்கு அழுவான். அணைப்பாரைத் தேடி அழுவான். 'யார் சொல்லித் தருவார்' என்று அழுவானோ? மேலும், துரை பேதிகண்டு இறந்தார் என்பது பாட்டியார் கதை. ஏட்டிலோ அவர் உயிரோடு கப்பலேறுகின்றார்.

இவ்வையத்தோடு கலாசாலைக்குத் திரும்பினோம். நாலடியார் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்நூலை ஆங்கிலப்படுத்திய போப்பையரைப் பற்றி எம் ஆசிரியர் சில சொற்கள் கூறினார். ஜி. யு. போப் என்னும் பெயரை யாம் எத்தனையோ முறை எழுதியிருக்கின்றோம், தேர்விலும் எழுதியிருக்கின்றோம். அவ்விரண்டாம் எழுத்து எதனைக் குறிக்கும் என்று ஒருநாளேனும் வினவியதில்லை. ஆசிரியர் முழுப்பெயரையும் உச்சரித்தார்: ஜியார்ஜ் உக்ளோ போப்.

அன்றைய பாடத்தில் எஞ்சியது யாதென்று யாம் அறியோம். மணி அடித்ததும் நூல்நிலையத்துக்கு ஓடினோம்.

ஆண்டுக் கண்டது இது. போப்பையரின் தந்தையார் ஜான் போப், கார்ன்வாலின் வடகரையில் உள்ள பாட்ஸ்டோ துறைமுகத்தினர், வணிகர். தாயார் கேத்தரின் உக்ளோ, அந்நாட்டின் வடபகுதியில் உள்ள ஸ்திராட்டன் என்னும் ஊரினர். தாயின் குடும்பப்பெயரே மகனின் நடுப்பெயராயிற்று. இருவரும் 1818ஆம் ஆண்டு கடல்கடந்து, கனடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவிற் குடியேறினர். அங்கே 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் போப்பையர் பிறந்தார். 1826இல் குடும்பம் இங்கிலாந்துக்கு மீண்டு பிளிமத் நகரில் வாழ்ந்தது. ஆகவே போப்பையர் கார்ன்வாலிற் பிறந்தவருமல்லர், வளர்ந்தவருமல்லர். அவ்வாறிருந்தும் தாய் தந்தையரின் ஊரையே தம் ஊராகச் சாயர்புரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றார். கோலாரிற் பிறந்து கோலாரிலேயே நரைத்தவர்களும் 'சொந்த ஊர் எது?' என்றால் தாம் கண்டறியாத தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அஃது ஒத்ததே இதுவும்.

அவர் 1839இல் வெஸ்லியன் சங்கத்தின் வழியாகச் சென்னைக்கு வந்தார். அச்சங்கத்தோடு கார்ன்வாலுக்கு நெருங்கிய பிணைப்பு உண்டு. ஜான் வெஸ்லி அந்நாட்டுச் சுரங்கத்தொழிலாளரிடையே பன்முறை வந்து பேசியவர்; குவெனாப் என்னுமிடத்துப் பெரும்பள்ளம் ஒன்றிலே ஆயிரக்கணக்கானோர் சூழ நின்று பிரசங்கித்தார் என்பர். போப்பையர் பின்னர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து, 1842 முதல் சாயர்புரத்திற் பணிபுரிந்து, அங்கே ஒரு வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சீமைக்குச் சென்றார். எம் ஏட்டின் மூன்றாம் வரிக்கு ஆண்டு கிடைத்தது.

'ஐயா' என்னும் சொல்லைத் தந்தைக்கே உரியதாகக் கொண்டதுதான் எம் குடும்பத்தின் பிழை. குருவையும் ஐயா என்போம். 'ஐ' என்னும் ஓரெழுத்தொருமொழிக்குத் தலைவன் என்பதே பொருள். அதிலிருந்தே தந்தையும் ஆசிரியனும் குருவும் கிளைத்தனர். பதினைந்து வயது மாணவன் தன் ஆசிரியரைப் பற்றி எழுதினான். பேரரும் பேர்த்தியரும் அதனைத் தந்தையாகப் படித்தனர். சொற்பொருள் விளக்கத்தால் ஒரு பாட்டனாரை இழந்தவர் எம்மைப்போல் வேறொருவர் உளரோ, அறியோம்.

உண்மை கூறின், அன்றிரவு ஓர் அச்சமும் எம்மைப் பற்றியது. 'உக்கிலோ துரை' போப்பையரே எனின், எம் குடும்பக் கதை ஒரு பெரியாரின் நற்பெயர்க்கு மாசாய் முடியுமோ என்பதே அவ்வச்சம். இதனை ஒருவரிடமும் கூறாது, அடுத்த சனிக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து சாயர்புரத்துக்குப் பேருந்தேறினோம்.

சாயர் என்னும் வணிகர் கிறிஸ்தவர்களுக்காக வாங்கிக்கொடுத்த நிலமாதலின் அவ்வூர் சாயர்புரம் எனப்படும். பனையும் செம்மண்ணுமான நாடு. போப்பையர் பெயரால் 1962இல் தோன்றிய கல்லூரி அங்கே உள்ளது. சேகரகுருவானவர் எம் வேண்டுகோளைக் கேட்டு நகைத்தார். "பாட்டனார் துரை என்று தேடி வருபவர் நீர் முதலாமவர் அல்லர்" என்றார். நற்குணமுடையவர். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தாமே எடுத்துவந்து, தாமே ஏடு திருப்பினார், எம்மைத் தொடவிடவில்லை. தாளின் ஓரங்கள் அப்பளம்போல் நொறுங்கும் நிலையில் இருந்தன.

நண்பகல் கழிந்து இரண்டு மணியளவில், 1844ஆம் ஆண்டுப் பக்கத்தில், குலமுதல்வரின் பெயரைக் கண்டோம். வேதபுத்தகத்தில் அவர் எழுதும் அதே பெயர். அதனருகே ஞானஸ்நானத்திற்கு முன்பிருந்த பெயர். வயது ஏறத்தாழ பத்து. ஊர் சிவகிரி. தகப்பன்: இறந்தவன், தொழில் பனையேற்று. அடியில் குருவின் கையொப்பம்.

வயது பத்தெனின் பிறந்தது 1834. அவ்வாண்டில் போப்பையர் பதினான்கு வயதுச் சிறுவராய் இங்கிலாந்திற் பாடம் படித்துக்கொண்டிருந்தார். எம் அச்சம் நீங்கிற்று. அதனோடு துரையும் நீங்கினார். மரக்கலமும் ஒருவழியாக மூழ்கிற்று. எம் முதல்வர் பனையேறியின் மகனார்.

எழ முற்படுகையில் குருவானவர், "அடுத்த வரியைப் பார்க்கவில்லையே" என்றார். அடுத்த வரியும் சிவகிரியே, நாளும் அதுவே. பெண், வயது முப்பது, கைம்பெண், கூலி, மேற்குறித்த சிறுவனின் தாய். பழைய பெயரும் புதிய பெயரும் எழுதப்பெற்றிருந்தன.

குருவானவரின் இசைவோடு அவ்விரு வரிகளையும் கைப்பேசியிற் படமெடுத்துக்கொண்டு, ஆலமர நிழலில் பேருந்துக்குக் காத்திருந்தோம். சிவகிரிக்கும் சாயர்புரத்துக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. இருப்புப்பாதை வாராத காலம். கணவனை இழந்த கூலிப்பெண் பத்து வயதுப் பிள்ளையோடு அவ்வழியை எத்தனை நாளில் நடந்தாள், எங்கெங்கே உறங்கினாள், அங்கே ஒரு பள்ளி உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்? பதிவேட்டில் அதற்கு வரி இல்லை.

இனிச் சற்றே வழிவிலகிக் கார்ன்வாலுக்குச் செல்வோம். துரை போனபின்பும் அந்நாடு எம்மை விடவில்லை. தேடலின்போது படித்தவற்றுள் இது தமிழ் மாணாக்கர் அறியத்தக்கது. கார்ன்வாலுக்கு ஆங்கிலமல்லாத தனிமொழி ஒன்று இருந்தது. வேல்சு மொழிக்கும் பிரிட்டானிய மொழிக்கும் உடன்பிறப்பு. அந்நாட்டு ஊர்ப்பெயர்களும் குடிப்பெயர்களும் பெரும்பாலும் ட்ரி, பொல், பென் என்னும் மூன்றனுள் ஒன்றால் தொடங்கும். ட்ரி என்றால் குடியிருப்பு. பொல் என்றால் குளம். பென் என்றால் தலை அல்லது முனை. எம் பக்கத்துப் பட்டிகளையும் குளங்களையும் முனைகளையும் நினைக்க. ஆயின் மொழியோ ஆங்கிலத்தின் அழுத்தத்தால் மேற்கே ஒதுங்கி ஒதுங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டில் வழக்கிழந்தது. 1777இல் இறந்த டாலி பென்ட்ரீத் என்னும் மீன்காரக் கிழவியே அதனைத் தாய்மொழியாகப் பேசியவருட் கடைசியானவர் எனப் பலரும் கூறுவர். 1904இல் ஹென்றி ஜென்னர் என்பார் இலக்கணக் கைந்நூல் ஒன்று வெளியிட்டு, அதனை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். பெயர்கள் மட்டும் நிற்க மொழி மாய்ந்த நாட்டினரின் மகனார், பிறிதொரு நாட்டின் மொழியில் 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும், தம் எண்பதாம் பிறந்தநாளில் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கி முடித்தார். கார்ன்வாலின் மொழியை அவர் அறிந்திருந்தாரல்லர் என்றே தோன்றுகின்றது. அறியாமலே அவ்விழப்பு அவருள் இருந்ததோ என்று யாம் எண்ணியதுண்டு. இதற்குச் சான்றில்லை, ஆதலின் விடுகின்றோம்.

நிற்க. சிவகிரிக்குச் சென்று பெரியப்பாவிடம் படத்தைக் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து படித்தார். "நாலு தலைமுறைப் பெரியவர்கள் சொன்னது பொய்யா?" என்றார். போப்பையரைப் பற்றியே ஒரு மறுமொழி கூறினோம். தம் கல்லறையில் 'ஒரு தமிழ் மாணவன்' என்று பொறிக்குமாறு அவர் வேண்டினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்றும் மேடைதோறும் கேட்டிருக்கின்றோம். பெரியப்பாவும் அதனை விரும்பிச் சொல்பவர். அவர் 1908இல் காலமாகி ஆக்ஸ்போர்டில் அடக்கம் செய்யப்பெற்றார். அக்கல்லின் நிழற்படத்தைப் பார்த்தோம். அவரைத் தென்னிந்தியாவினர் என்றும், கல்லை நாட்டியவர் அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பரும் என்றும் அதில் உள்ளது. நாம் சொல்லிவரும் அச்சொற்கள் அங்கே இல்லை. "சொன்னவர்கள் பொய்யர்களா, பெரியப்பா? அன்பினால் எழுதிவிட்டார்கள்" என்றோம்.

பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அழைப்பிதழை அச்சகத்திற்குக் கொடுத்தாயிற்று" என்றார். அச்சகத்திற்குத் தொலைபேசியில் அழைத்துத் தலைப்பை நீக்கச்சொன்னவரும் அவரே. எட்டுப் பக்கத்தைப் பற்றி அவர் பின்னர்க் கேட்கவில்லை.

அச்சமெல்லாம் பாட்டியாரைப் பற்றியதே. அவருடைய இளமையில் செருப்பணிந்து செல்ல இயலாத தெருக்கள் இருந்தன. கிறிஸ்தவராயினும், எழுத்தறிந்தவராயினும், பனையேறியின் பிள்ளைகளை ஊர் அப்பெயராலேயே அழைத்தது. பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒருவர் இழித்துப் பேசியபோது, பத்து வயதுப் பாட்டியார் நின்று தம் கண்களை விரித்துக் காட்டி, "நான் துரை வீட்டுப் பிள்ளை" என்று கூறினாராம். அவர் நகைத்துவிட்டு வழிவிட்டாராம். இந்நிகழ்ச்சியைப் பாட்டியார் எமக்கு நூறுமுறை கூறியிருப்பர். அக்கதையே அவருக்குச் செருப்பும் குடையுமாய் இருந்தது. எண்பத்தாறு வயதில் அதனைப் பறிப்பதற்கு யாம் யார்? சொல்லாது விடுவதே அன்பு என்று அன்னையார் கூறினார். தந்தையார் ஒன்றும் கூறாது எழுந்து சென்றார். யாம் இருநாள் வாளாவிருந்தோம்.

மூன்றாம் நாள் பாட்டியாரே, "சாயர்புரத்தில் என்ன கண்டாய்? எல்லாரும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறீர்கள்" என்றார். சொல்லிவிட்டோம். 'ஐயா' என்னும் சொல்லிலிருந்து தொடங்கி, உக்ளோ, கப்பல், பதிவேடு, பனையேறி என முறையே சொன்னோம். பாட்டியார் வெற்றிலை இடிப்பதை நிறுத்தவில்லை. பனையேறி என்றபோது மட்டும் உலக்கை ஒருகணம் நின்று மீண்டும் இடித்தது.

"அது எனக்குத் தெரியும்" என்றார். "என் ஆச்சி சொல்லியிருக்கிறாள். அவர் கையில் அரிவாள் பெட்டி இருந்தது, வேதபுத்தகம் பிறகு வந்தது என்பாள். வெளியே சொல்லாதே என்பாள்."

யாம் வாயடைத்தோம். சற்றுப் பொறுத்து, தாயைப் பற்றிய அடுத்த வரியைச் சொன்னோம். அப்பொழுதுதான் உலக்கையைக் கீழே வைத்தார்.

"அவளுமா போனாள்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தா போனாள்?"

"ஆம், பாட்டி."

"அவள் பேர் என்ன என்று எழுதியிருக்கிறது?"

பழைய பெயரையும் புதிய பெயரையும் சொன்னோம். பாட்டியார் பழைய பெயரையே இருமுறை சொல்லிப் பார்த்தார். (அதனை இங்கே எழுதோம், வேதபுத்தகத்தில் ஏறுமுன் வேறெந்தப் புத்தகத்திலும் ஏறக்கூடாது என்பது அவர் கட்டளை. இப்பொழுது ஏறியும், மறுகட்டளை பெறவில்லை.) எம் குடும்பக் கல்லறைகளுள், குலமுதல்வர் கல்லறைக்கு வலப்புறம், எழுத்தொன்றுமில்லாத மேடை ஒன்று உண்டு. 'துரைசானி கல்லறை' என்று அதனைச் சொல்வர். கல்லறைத் திருநாளில் அதற்கும் வெள்ளையடிப்போம். பாட்டியார் அதனை நினைத்தார் போலும். "அப்படியானால் அது அவள்தான்" என்றார். பின்னர்த் தம் கைக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி முகம் பார்த்தார்.

"அவளுக்குப் பூனைக்கண் இருந்திருக்குமோ?" என்று கேட்டார்.

இருந்திருக்கும் என்றோம். அதற்கும் சான்றில்லை.

அன்று மாலை ஓலைப்பெட்டியைத் திறந்து வேதபுத்தகத்தை எடுத்தோம். 1871ஆம் ஆண்டுப் பதிவுக்கு மேலே அவள் பெயரை எழுதவேண்டும் என்றார் பாட்டியார். மேலே இடமில்லை; குலமுதல்வர் தாளின் விளிம்பிலிருந்தே தொடங்கியிருந்தார். ஆதலின் பின்னட்டையின் உட்புறத்தில், பெயரும், 1844 என்னும் ஆண்டும், சிவகிரி என்னும் ஊரும் எழுதினோம். பாட்டியார் அருகிருந்து ஒவ்வோர் எழுத்துக்கும் புள்ளி வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.